அப்பா ரிப்பேர் பண்ணாத டெலிபோன்

அப்பா எனக்கென்று விட்டுப்போன சொத்து ஒரு டெலிபோன்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னையும் தம்பியையும் பக்கத்தில் கூப்பிட்டு, "போன் பெரியவளுக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி அழுதே விட்டான். அப்பா தூங்கத்தான் செய்தார். அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்து, கஞ்சியில் உப்பில்லை என்று நர்சுகளிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். போனைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். வாய் திறக்காமல் காரியம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், அம்மாவுக்கு அந்த போனைக் கண்டாலே ஆகாது. மைசூரில் நாங்கள் பிறந்து வளர்ந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மாவை என் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. தையல் மெஷின், மாதா சுரூபம், ஊறுகாய் ஜாடிகள், எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினோம். போன் என்றதும் அம்மா நிறுத்திவிட்டாள்.

"அது வந்துச்சுன்னா நா வரல, அம்மிணி."

அம்மா கொள்ளேகாலில் பிறந்தவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்ற வேலையக் கெடுத்த போனு அது. வித்துப்போடு."

அது உள்ளபடியே அழகான போன். வெள்ளை என்று நாங்கள் சொல்வோம், ஆனால் உறைந்த நெய்யின் நிறம். கையில் எடுத்தால் கனம். ரிசீவருக்குத் துணி சுற்றிய வயர். அடியில் ஒரு சின்ன இழுப்பறை. முன்பு அதில் நம்பர் எழுதிய அட்டை இருந்திருக்கும், எங்கள் வீட்டில் ஊக்கும் ரப்பர் பேண்டும் இருந்தன. அப்பா ஒரு காப்பித் தோட்டக் கம்பெனியின் மைசூர் ஆபீசில் குமாஸ்தா. பழைய மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது அவர் மேஜையில் இருந்த போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆனால் அந்தக் காலத்தில் சொந்த போனை லைனில் மாட்டக்கூடாது. டெலிபோன் இலாகா கொடுக்கும் கருப்பு போனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா இலாகா போனைப் பீரோவில் கம்பளிக்கு அடியில் படுக்கப்போட்டுவிட்டு வெள்ளை போனை மாட்டினார். லைன்மேன் தெருமுனையில் தென்பட்டால் அம்மா அவரைச் சமையல்கட்டுப் பக்கம் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பாள். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஹாலில் வெள்ளை போய் கருப்பு வந்திருக்கும். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போனின் அடிப்பாகத்தைத் திறக்க அப்பாவுக்குத் தெரியும். அதற்குக் காரணம் பெரிய வெள்ளி. பெரிய வியாழன் பூசையில் அடித்த பிறகு பாஸ்கு என்கிற ஈஸ்டர் இரவு வரைக்கும் கோவில் மணி அடிக்காது. மரச்சட்டத்தைத்தான் தட்டுவார்கள். கோவில் மணியே ஊமையாக இருக்கும்போது வீட்டில் போன் மணி கிணுகிணுப்பது அப்பாவுக்குப் பொறுக்காது. வியாழன் ராத்திரி பூசை முடிந்து வந்ததும் போனைக் கவிழ்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு கிண்ணி மணிகளுக்கு நடுவில் ஊதாத் துணி ஒன்றைச் செருகிவைப்பார். தவக்காலத்தில் சுரூபங்களை மூடுகிற துணியில் மிச்சமான கிழிசல். பாஸ்குப் பூசையில் கோவில் மணி அடித்து, நாங்கள் வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் துணியை உருவிவிடுவார். எங்கள் தெருவில் இத்தனை வீடு இருந்தும் போனுக்கு ஒறுத்தல் விரதம் வைத்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

ஒரு வருஷம் பாஸ்கு முடிந்த பிறகும் மணி சரியாக அடிக்கவில்லை. கடகடவென்று தொண்டை கட்டியது போன்ற ஒரு சத்தம், ஹாலில் இருந்தால் மட்டும் கேட்கும். அப்பா திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே ஸ்பிரிங் போயிடுச்சு" என்றார். இலாகாவைக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். "பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி அதுன்ற கழுத்த நெரிச்சீங்க, அதான் கொரலு போச்சு" என்று அம்மா சொன்னாள். கருப்பு போனை மாட்டுங்கள் என்று மட்டும் அவளும் சொல்லவில்லை. ஹாலில் கருப்பு போன் இருந்தால் துக்க வீடு மாதிரி இருக்கும் என்பது அவள் கட்சி. வருகிறவர்கள் எல்லாரும் வெள்ளை போனைத் தொட்டுப் பார்ப்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அம்மா நர்ஸ். அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஆள் போதாமல் ராத்திரி டியூட்டி முடித்து வந்தவளை மத்தியான டியூட்டிக்கும் போன் பண்ணிக் கூப்பிடுவார்கள். அவளும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் காலையில் அவள் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிப்போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அவள் எழுந்துவிடாதபடி விரல் விரலாகக் கழுவித் துண்டால் துடைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவர்கள் அப்படியெல்லாம் செய்து பார்த்த வீடில்லை எங்களுடையது.

மணி கெட்ட பிறகு பகலில் வந்த அழைப்புகள் அம்மாவுக்குக் கேட்கவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில், அப்பா ஆபீசில், அவள் உள் அறையில் தூக்கத்தில். வீட்டில் போன் வைத்துக்கொண்டு எடுப்பதில்லை என்று ஆஸ்பத்திரியில் பேச்சானது. வார்டு இன்சார்ஜ் வேலை அவளுக்குத்தான் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது இன்னொருத்திக்குப் போனது. கடைசிவரை ஸ்டாஃப் நர்சாகவே ரிடையரானாள். வாழ்க்கையில் அவள் கேட்டது அந்த ஒரு பதவிதான். "ஒரு பெல்லு ரிப்பேர் பண்ணித் தரத் துப்பில்ல" என்று அப்பாவைக் குத்திக்காட்டாத பண்டிகை கிடையாது. அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். பின்னால் செல்போன் வந்தபோதும், அது ஒலித்தால் அம்மா பதறி எழுந்திருப்பாள். கடன் வேண்டுமா என்று யாராவது பெண் கேட்டால்கூட "எஸ் சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அதனால் அவள் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் போன் எனக்கு வேண்டும். அப்பா வாயால் சொல்லி எனக்கென்று கொடுத்த ஒரே பொருள் அது. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள் என்பதால் மூட்டை கட்டும் வேலை நின்றுபோனது. பெங்களூரிலிருந்து தம்பி போனில் பஞ்சாயத்து செய்தான். "மொதல்ல என்ன விலை போகும்னு பாருக்கா. ஒண்ணும் தேறலைன்னா அம்மாவே இருக்கட்டும்னு சொல்லிடுவா." அம்மாவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

போனைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய பித்தளைச் சாமானும் சுவர்க் கடிகாரமும் விற்கிற கடை. கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "இதுல என்ன இருக்கு மேடம்? உள்ள பித்தளை எஷ்டு இருக்கோ அதுக்குத் தூக்கம் போட்டுக் கொடுப்பேன்" என்றார். இந்த ஊரில் தூக்கம் என்றால் எடை. போனை எடை போட்டு வாங்குவானாம்! எனக்குச் சுருக்கென்று வந்தது. கணக்கு டீச்சராக இருந்து பழகிய குரலில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, போனை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதை மடியில் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டிருந்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

தம்பி போட்டோ அனுப்பச் சொல்லி அதைப் பழைய போன் சேர்க்கிறவர்களின் குரூப் ஒன்றில் போட்டான். சாயங்காலமே எனக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் மைசூரிலேயே இருக்கும் ரிடையர்டு எஞ்சினியர். எதையும் துடைக்காதீர்கள், திறக்காதீர்கள், நாளைக்கே வருகிறேன் என்றார். சொன்னபடியே வந்தார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். பேச்சில் பாதி இங்கிலீஷ், கால்வாசி கன்னடம், மிச்சத்தை நாங்கள் தமிழ் என்று எடுத்துக்கொண்டோம். நல்ல மனிதர்தான், கொஞ்சம் அலட்டல். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் வரிசையாக வைத்து, கையுறை மாட்டிக்கொண்டார்.

சமையல்கட்டில் ஜாடிகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆப்பரேசனா பண்ணப்போறாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவருக்கும் கேட்டிருக்கும். அசையவில்லை.

போனைக் கவிழ்த்து, அடியில் யாரும் பார்க்காத ஓர் இடத்தில் பஞ்சை ஏதோ திரவத்தில் நனைத்துத் தேய்த்தார். பஞ்சில் நிறம் ஒட்டவில்லை. "கருப்பு போனுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு ஏமாத்தறவங்க தும்பா ஜனம், நிறையப் பேர் மேடம். இது பெயிண்ட் இல்லை. செஞ்சதே இந்தக் கலர். ஐவரி!" என்றார். பிறகு டயலின் வளையத்தைப் பார்த்தார், இழுப்பறையை வெளியே எடுத்து அதன் முதுகைப் பார்த்தார். ரிசீவரின் உட்புறத்திலும் போனின் அடியிலும் இருந்த முத்திரைகளை மாறி மாறிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டும் ஒரே காலம். ஜோடி மாறவே இல்லை. நான் பார்த்த பீஸ்ல எல்லாம் ரிசீவர் ஒரு போன்து, பாடி ஒரு போன்து. இது ரேர் மேடம், நிஜவாகி ரேர்." அவர் குரலே மாறிப்போயிருந்தது. எனக்கு அப்பாவை யாரோ மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டியதுபோல இருந்தது.

விலை சொன்னார். புது ஃபிளாட்டுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி மீதியும் வரும். "பெல் ஒரிஜினலா இருந்து அடிக்கணும். அடிக்கலைன்னா அதுல பாதிதான்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்துவிட்டாள். "பெல்லு அடிக்காதுங்க. உள்ள ஸ்பிரிங்கு போயி எந்தக் காலமோ ஆச்சு. பாதிக்கே எடுத்துக்கங்க."

"நோடோணா அம்மா, பார்க்கலாம்" என்று அவர் ஸ்க்ரூக்களைக் கழற்றி அடித்தகட்டை எடுத்தார். டார்ச் அடித்தார். குனிந்து உள்ளே பார்த்தார். "ஸ்பிரிங் எல்லாம் கரெக்டா இருக்கே. பெல்லும் ஒரிஜினல். இது என்ன மேடம், உள்ளே உல்லன்?"

இடுக்கியால் மெல்ல இழுத்தார். ஊதாத் துணியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு பாஸ்குவுக்கு அப்பா உருவ மறந்துவிட்டு, மறந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு ஸ்பிரிங் கதை கட்டியிருப்பார் என்று மனதுக்குள் சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். வெளியே வந்தது மெரூன் கம்பளி. ஒரு துண்டல்ல, இரண்டு. ஒவ்வொரு கிண்ணிக்கும் அளவாக வெட்டி, நழுவாமல் நூலால் கட்டியிருந்தது. மறதியாக நடந்த காரியம் இல்லை.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். பின்னலைக் கட்டைவிரலால் தடவினாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அது அப்பாவின் குல்லா. ராத்திரி டியூட்டியில் வார்டு அடங்கிய நேரத்தில் அம்மா பின்னியது. ஒரு கிறிஸ்துமஸ் குளிருக்கு அதைத் தேடியபோது, போன வருஷமே நஞ்சன்கூடு ரயிலில் தொலைந்துவிட்டது என்று அப்பா சொன்னார். இனி காது விறைத்தாலும் பின்னித்தர மாட்டேன் என்று அம்மா சபதம் போட்டாள், காப்பாற்றவும் செய்தாள். அப்பா அதற்கப்புறம் ஒவ்வொரு குளிருக்கும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போனார்.

"ரயில்ல போச்சுன்னாரே" என்றாள் அம்மா.

எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை காலமும் அவள் கோபம் போன் மேல்தான் இருந்தது. ரிப்பேர் செய்யாத சோம்பேறித்தனம் என்று அப்பாவைத் திட்டியதெல்லாம் புருஷனைத் திட்டும் வழக்கத்தில் சேரும். இப்போது போன் தப்பித்துக்கொண்டது. இன்சார்ஜ் வேலை போனதற்கு அப்பாதான் காரணம், அதுவும் வேண்டுமென்றே. அவரைக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அந்த நிமிஷம் எனக்கே அப்பாமேல் எரிச்சல் வந்தது. இதை என் தலையில் கட்டிவிட்டுத்தான் அவர் அப்படி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாரா?

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" அம்மா கம்பளியை மேஜையில் போட்டாள். "என்ற வேல அது. போறதா வேண்டாமான்னு நாந்தானே சொல்லோணும்? அவுரு யாரு அத முடிவு பண்ண?"

எஞ்சினியர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார், பாவம். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "இப்ப அடிக்குமா அது?"

"அடிக்கும் அம்மா."

"அடிங்க, பாக்கலாம்."

அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வயரை இணைத்து, பொத்தானை அழுத்தினார். அடேயப்பா! அந்தச் சத்தத்தை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும், நிறுத்துங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நிறுத்தினார்.

"இத்தன சத்தமா இருந்துச்சு?" என்றாள். "இத வெச்சுக்கிட்டா நா அந்த வருசம் தூங்கியிருப்பே?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அன்று காலையில் அவள் சோற்றில் கை வைத்தபடி தூங்கியதையும், அப்பா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து விரல் விரலாகக் கழுவிவிட்டதையும் சொன்னேன். "உனக்குத் தெரியாதும்மா. நீ நல்ல தூக்கம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னா தெரியாதுன்னு? கைல தண்ணி பட்டதும் நா முழிச்சிட்டே. கண்ணத் தெறந்தா உங்கப்பா வெக்கப்பட்டு விட்டுருவாரேன்னு அப்பிடியே கெடந்தே."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவர் அடக்கத்தன்று கல்லாக நின்றவள் அன்றைக்குத்தான் சத்தமாக அழுதாள். நானும் அழுதேன். எஞ்சினியர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிச் சமையல்கட்டுக்குப் போய், திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று சொன்னேன்.

கொஞ்சநேரத்தில் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தக் கம்பளித் துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரமெல்லாம் பிரிந்து நூல் தொங்கியது. "வெட்டியிருக்கற லட்சணத்தப் பாரு. கம்பளிய வெட்டுனா ஓரம் அடிக்கோணும்னுகூடத் தெரியல இந்த மனுசனுக்கு. கட்டு போட்டிருக்கறதப் பாரு, எந்த நர்சு வீட்டுக்காரராவது இப்பிடிக் கட்டுப் போடுவாரா?" என்னைப் பார்த்து, "ஊசி நூலு அந்த மூட்டையில இருக்குது, எடு அம்மிணி" என்றாள்.

மூட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு துண்டுக்கும் ஓரம் அடித்தாள். போனைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கிண்ணிக்கு ஒன்றாக மாட்டி, மெல்லிய நாடாவால் சுற்றி முடிச்சுப் போட்டாள். காயத்துக்குக் கட்டுப் போடும் அதே கை. கடைசியில் முடிச்சை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

எஞ்சினியருக்குத்தான் தாங்கவில்லை. "அம்மா, பேடா, வேண்டாம். வேல்யூ பாதி போயிடும்."

"போகட்டுங்க" என்றாள் அம்மா. "அந்த ஸ்க்ரூவ மாட்டிக் குடுத்துருங்க. மூட்டை கட்டோணும்."

போன் இப்போது என் ஃபிளாட்டில், ஹாலில் திவானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா செய்தது சரி என்று அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனைத் துடைத்துக்கொண்டே அவரைத் திட்டுகிறாள். மத்தியானம் சாப்பிட்டதும் செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்தத் திவானில் படுக்கிறாள். செல்போன் அடிக்கத்தான் செய்கிறது. அம்மா புரண்டு படுத்துத் தூங்குகிறாள்.